அத்தாவின் தலைமாட்டுப் பூவரசு

அண்ணன் என்னைப் பினாங்கிலிருந்து அனுப்பியது ஒரே ஒரு வேலைக்காக. ஊர் கபர்ஸ்தானில் எங்களைப் பெற்ற அத்தாவை அடக்கிய இடத்தில், தலைமாட்டில் நிற்கும் பூவரச மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு வரவேண்டும். அண்ணனுக்கு எண்பத்து மூன்று வயது, படுக்கையில் இருக்கிறார். அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சாவின் மகன் ஜமால் ஊரிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கபரும் அதன் கல்லும் பறவை எச்சத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை.

"அத்தாவுக்கு நெழலா இருக்கட்டும்னுதான் அந்தக் கொம்ப வச்சேன். இப்ப அதுவே அவர் மேல அசிங்கம் பண்ணுது. நீ போய் எடுக்கச் சொல்லிட்டு வா," என்றார்.

அவர் மகன்களுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு லீவு கேட்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. கணவர் போய் ஆறு வருடமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி அட்டைதான் என்னைத் தேடும். அண்ணன் சொல்லி நான் எதையும் மறுத்தது கிடையாது. கிளம்பிவிட்டேன்.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை. கோட்டக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் மரக்காணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் கத்தாரில் இருக்கும் கணவனோடு போனில் பேசிக்கொண்டே வந்தாள். பிரிட்ஜ் ரிப்பேர், மாமியாரின் கால் வீக்கம், மூத்தவனின் கணக்கு மார்க்கு எல்லாம் பஸ் முழுக்கக் கேட்டது. கடைசியில் அவள், "நீங்க வர்றேன் வர்றேன்னு சொல்றதுக்குள்ள இவன் மீசை மொளச்சு அங்கயே வேலைக்கு வந்துடுவான் போல," என்றாள். முன் சீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பிலேயே எங்கள் ஊர் வந்தது, போனது. கூனிமேடு தாண்டியதும் பள்ளிவாசல் மினாரா மரங்களுக்கு மேலே தெரிந்ததைப் பார்த்தேன். "எறங்கணும்" என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் பஸ் நின்றிருக்கும். கண்டக்டர் முன்பக்கம் நின்றார். அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு வாய் வரவில்லை. மரக்காணம் வரைக்கும் போய், எல்லாரும் இறங்கின பிறகு இறங்கினேன்.

அங்கே ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். திரும்பி வரும் வழியில் உப்பளம். மழைத் தண்ணீர் இன்னும் வடியாமல் பாத்தி பாத்தியாகக் கண்ணாடி போல் கிடந்தது. போன வருடத்து உப்பை ரோட்டோரம் குவித்து ஓலை போட்டு மூடியிருந்தார்கள். பினாங்கில் எனக்கு உப்பு என்றால் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பைதான். இங்கே அது வீடு மாதிரி கூரை போட்டுக்கொண்டு நிற்கிறது. பாத்திக்குள் கொக்குகள் அசையாமல் நின்றன. தண்ணீரில் ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னொரு கொக்கு.

ஊர் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பறவை ஊரா ஆயா? அங்க பாயம்மா ஒருத்தங்க இருக்காங்க. தீவாளிக்கு எங்க பசங்க அந்தப் பக்கம் வெடி வெடிச்சானுங்கன்னு தொடப்பத்த எடுத்துனு ரோடு வரைக்கும் தொரத்துனு வந்தாங்க." கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "ஏதோ மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்களாமே. வெளிநாட்லேந்து யாரோ வர்றாங்களாம்." நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

ஜமால் வீட்டில் அவன் மனைவி மெஹருன் இடியாப்பமும் கானாங்கெளுத்திக் குழம்பும் வைத்திருந்தாள். இறங்காமல் மரக்காணம் வரை போன கதையைக் கேட்டு ஜமால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இருபது வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவன். நல்ல பிள்ளை. குழம்பில் மீன் தலையை எனக்கென்று எடுத்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினான். எங்கள் ஊரில் இறந்தவரின் மையத்தை அடக்கியதும் மகனோ கணவனோ தலைமாட்டில் ஒரு பச்சைக் கொம்பை ஊன்றுவார்கள். பெரும்பாலும் அது காய்ந்துவிடும். சிலது துளிர்க்கும். துளிர்த்தால் அந்த மரம் நட்டவர் பேரில் நிற்கும். அவர் சொல்லாமல் யாரும் கிளைகூட ஒடிக்கக் கூடாது. இப்படியே நின்ற மரங்கள் இருபதுக்கு மேல். பூவரசு, ஒதியன், இரண்டு மூன்று ஆலங்கொம்பு. ரோட்டை அகலப்படுத்தி ஓரத்துப் புளியமரங்கள் போன பிறகு பறவைகள் இங்கே குடிவந்துவிட்டன. மழைக்காலம் தொடங்கினால் கூடு கட்டும். பங்குனி வரைக்கும் அவற்றின் ஆட்சி.

ஜமாலுக்கு அது பிடிக்கவில்லை. சுற்றி நல்ல சுவர், நடக்கக் கல் பாவின பாதை, ஒரு விளக்கு என்று அவன் ஆசை. "குவைத்துலல்லாம் கபஸ்தான் பாக்கணும் அக்கா. ஒரு எல இருக்காது. இங்க பெரிய மனுசங்க படுத்திருக்காங்க, அவங்க மேல பறவை போவுது," என்றான். எங்கள் மரம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மலேசியாக்காரர்கள் முதலில் மரத்தை வெட்டக் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று இன்னும் நாலைந்து வீட்டார் சொல்லியிருக்கிறார்களாம். சனிக்கிழமை காலைக்கு மரம் அறுக்கும் மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி முன்னால் வாரிசு வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அண்ணனுக்காக ஒரு மரம் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். என் ஒரு வார்த்தையில் தோப்பே போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் தனியாகக் கபர்ஸ்தான் பக்கம் போனேன். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. பினாங்கில் அப்படி இல்லை. பெருநாளைக்கு மலாய்ப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து ஓதுவார்கள். நானும் என் கணவர் கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பன்னீர் தெளித்துவிட்டு வருவேன். இங்கே கடல் தாண்டி வந்து சொந்த அத்தாவின் கபரைச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். சுவர் என் நெஞ்சு உயரம். ஒரு இடத்தில் இடிந்து இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

முதலில் சத்தம்தான். கொதிக்கிற பானைகள் நூறு வரிசையாக வைத்தது போல. பிறகு வாடை. மீன் மார்க்கெட்டும் ஆட்டுக்கொட்டிலும் சேர்ந்த வாடை. அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பூவரசில் இலையைவிடக் கூடு அதிகம். கறுப்பு நீர்க்காகம், வெள்ளைக் கொக்கு, சிவந்த கண்ணோடு வக்கா. கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. கீழே அத்தாவின் கல். படத்தில் பார்த்ததைவிட வெள்ளை.

இடிந்த இடத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அன்னக்கூடையோடு நின்றாள். உள்ளேயிருந்து பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து, கீழே விழுந்திருந்த ஒரு குஞ்சைத் துண்டால் எடுத்துச் சுவர் வழியாக அவளிடம் நீட்டினார். தோலும் எலும்புமாகக் கறுப்பாக இருந்தது. அவள் வாங்கியதும் அது விழுங்கிய மீனையெல்லாம் அவள் கையில் கக்கியது. "வாங்கடி ராசாத்தி, மொத மொத வரும்போதே மொய் வைக்கிறீங்களா," என்றாள். அவள் பெயர் சபுரா. சுவரை ஒட்டின வீடு அவளுடையது. துடைப்பம் எடுத்துக்கொண்டு ஓடினவள் இவள்தான் என்று பார்த்ததுமே புரிந்தது.

என்னை யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்துக்கொண்டாள். "இதப் புடிங்க பெரிம்மா," என்று அன்னக்கூடையை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மலேசியாக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தாள். "ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தது கெடையாது. இப்ப போன்ல பாத்துட்டு ரோசம் வந்துடுச்சாம். அந்தக் கெழவிய அனுப்பியிருக்காங்க, வெட்டுறதுக்கு. நேத்து வந்து எறங்கிடுச்சாம்." மோதினாருக்கு என்னைத் தெரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேறு குஞ்சு தேடுவது போல உள்ளே போய்விட்டார். நான் அன்னக்கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். நான்தான் அந்தக் கிழவி என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமையும் போனேன். சபுரா வீட்டுப் பின்கட்டில் பழைய வலையைக் கட்டி ஒரு அடைப்பு. உள்ளே ஒன்பது குஞ்சுகள். கூனிமேட்டு மீன்காரிகள் விற்காமல் கிடந்த காரப்பொடி மீனை இவளுக்கென்று ஒதுக்கித் தருவார்களாம். அதை நறுக்கி வாயில் ஊட்ட வேண்டும். வக்காக் குஞ்சு கையைக் கொத்தும். கொக்குக் குஞ்சுக்குக் கொடுத்தால் நீர்க்காகம் அதன் தொண்டைக்குள்ளேயே தலையை விட்டு எடுத்துவிடும். என் பிள்ளைகளுக்குக்கூட நான் இவ்வளவு அவசரமாகச் சோறு ஊட்டியதில்லை.

நறுக்கிக்கொண்டே சபுரா சொன்னாள்: "எங்கம்மாவும் அங்கதான் இருக்காங்க பெரிம்மா. மூலையில நிக்குதே ஒதியன், அது எங்கத்தா வச்சது. நான் உள்ள போனதில்ல, போவவும் முடியாது. அங்கேந்து எனக்கு வர்றது இந்தக் குஞ்சுதான்."

அப்போது பார்த்து மெஹருன் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பினாங்குலேந்து அண்ணன் போன் பண்ணாரு. மரத்தப் பாத்துட்டீங்களான்னு கேட்டாரு," என்றாள்.

சபுராவின் கத்தி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெஹருன் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நேத்துலேந்து உங்க மூஞ்சிக்கு நேராவே உங்களத் திட்டிக்கினு இருக்கேன். எனக்குப் பாவமில்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி. இப்பவாவது சொல்லுங்க. வெட்டப் போறீங்களா?"

மிச்ச மீனை நறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் தடுக்கவில்லை.

இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை அவள் ஸ்கூட்டி ஜமால் வீட்டு வாசலில் நின்றது. "ஏறுங்க பெரிம்மா. வெட்டுறதுன்னா வெட்டுங்க. எதுங்க வீட்ட வெட்டுறீங்கன்னு பாத்துட்டு வெட்டுங்க," என்றாள். எனக்கு எழுபத்து மூன்று வயது. பினாங்கில் என் பேரன் மோட்டார் சைக்கிளில்கூட நான் ஏறியதில்லை. அவள் புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

கழுவேலி ஏரி விளிம்பு வரைக்கும் போனோம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள் என்றாள் சபுரா. அவை தூர தேசத்து விருந்தாளிகள், நம்முடையவை இந்தக் கறுப்பும் வெள்ளையும்தான் என்றாள். நீர்க்காகங்கள் வரிசையாக முங்கி, வரிசையாக எழுந்தன. வாயில் மீனோடு ஒவ்வொன்றாகப் பறந்து போயின. எல்லாம் ஒரே திசைக்கு. நான் அந்தத் திசையில் பார்த்தேன். மினாராவும் அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு திட்டும் தெரிந்தது. அதைத் தவிர அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டியவரை மரம் என்று ஒன்று இல்லை. உப்பளமும் வானமும்தான்.

திரும்பும்போது குறுக்குவழி என்று உப்பள வரப்பில் விட்டாள். ஈர மண். வண்டி வழுக்கி, இரண்டு பேரும் பாத்திக்குள் விழுந்தோம். அடிபடவில்லை, சேறுதான். புது உப்புக்குப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். "மலேசியா அம்மாவுக்கு உப்புப் போட்டாச்சு, இனிமே கெடாது," என்று ஒருத்தி சொன்னாள். அதற்குள் நான் யாரென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அவர்கள் கொண்டுவந்திருந்த பழைய சோற்றில் எங்களுக்கும் பங்கு வைத்தார்கள். சுட்ட கருவாடு தொட்டுக்கொள்ள. அந்த வாரத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி.

அவர்களில் ஒரு வயதான பெண் என்னிடம், சாயந்திரம் அந்தப் பறவைகள் தலைக்கு மேல் வீட்டுக்குப் போவதைப் பார்த்துத்தான் தாங்கள் வேலையை முடிப்பதாகச் சொன்னாள். "வாட்ச்ச மேஸ்திரி கையில கட்டினுக்கிறாரு. அது அவரு சொன்ன நேரத்தக் காட்டும். இதுங்க அப்பிடி இல்ல," என்றாள். வெட்டாதே என்று அவள் சொல்லவில்லை. கருவாட்டில் இன்னொரு துண்டு என் பக்கம் தள்ளினாள்.

அன்று சாயந்திரம் சபுரா வீட்டு மொட்டைமாடியில் நின்றேன். வரிசை வரிசையாக வந்து இறங்கின. அதே நேரம் வக்காக்கள் கிளம்பிப் போயின. "இதுங்க நைட் ஷிப்ட்டு," என்றாள் சபுரா. கீழே மோதினார் குடத்துத் தண்ணீரை அத்தாவின் கல்லில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை தோறும் கழுவுகிறாராம். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வெள்ளை. யாரும் அவரைக் கழுவச் சொன்னதில்லை.

வேலை முடிந்து அவர் சுவரோரம் வந்தபோது நான் இறங்கிப் போனேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அத்தாவை அடக்கிய அன்று குழி வெட்டியது அவருடைய அத்தா. இவர் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்றிருக்கிறார். எச்சம் பாவமா என்று அவரிடம் கேட்டேன். தொழவைக்கும் அஜரத்தைக் கேட்டாயிற்று என்றார். அது தொழுகிற இடம் இல்லை, அடங்கினவருக்கு அதனால் ஒன்றும் இல்லை, பார்க்கிறவர் மனசுக்குத்தான் கஷ்டம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பிறகு மோதினார் தானாகவே சொன்னார்: "அந்தக் காலத்துல வாய் வார்த்தையெல்லாம் பத்தாதுக்கா. நட்ட கைதான் மொத வெட்டு போடணும். அப்புறம்தான் மத்தவங்க கோடாலிய எடுப்பாங்க. எங்கத்தா இருக்கிற வரைக்கும் அப்பிடித்தான். இப்பல்லாம் போன்லயே சொல்லிடுறாங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வந்த பிறகு தேங்காய்ப்பால் சோறும் தால்சாவும் சாப்பிட்டோம். அண்ணன் போன் செய்தார். குரல் மெலிந்திருந்தது. "நாளைக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். மரத்தை எடுத்த பிறகு கல்லை ஈரத்துணியால் துடைக்கச் சொல் என்றார். அவருடைய கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அத்தா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. என்னை ஐந்தாவது வரைக்கும் படிக்க வைத்தது, பிறகு கப்பல் ஏற்றிப் பினாங்கில் கலியாணம் செய்து கொடுத்தது எல்லாம் அவர்தான். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. வேறு கேட்பாரா என்றும் தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷின்காரர்கள் இரண்டு பேர் கயிறும் ஏணியுமாக வந்துவிட்டார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள். சுவருக்கு வெளியே இடிந்த இடத்தில் நானும் மெஹருனும். கொஞ்சம் தள்ளி சபுரா, கையில் அன்னக்கூடையோடு. விழப்போகிற குஞ்சுகளுக்காக அவள் வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தாள். சோற்றுப் பானை, பக்கெட்டு, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி.

மெஷின்காரர் சரிபார்க்க ஒருமுறை ஓட்டினார். அவ்வளவுதான். தோப்பே எழுந்து வானத்துக்குப் போனது. பறக்கத் தெரிந்ததெல்லாம் மேலே சுற்றியது. பறக்கத் தெரியாததெல்லாம் கூட்டில் உட்கார்ந்து கத்தியது.

முத்தவல்லி சுவரோரம் வந்தார். முகத்தை நேராகப் பார்க்காமல் மரியாதையாகக் கேட்டார். "நீங்க வாரிசு. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. வெட்டலாமா?"

அத்தனை ஆண்களும் திரும்பினார்கள். இரண்டாம் முறையும் கேட்டார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். ஜமால் சிரித்தபடி, "அக்காவுக்குக் கூச்சம். பேசலன்னா சம்மதம்னு எடுத்துக்க வேண்டியதுதான்," என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களில் அதுதான் வழக்கம். பதினேழு வயதில் திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் வந்து நின்று நிக்காஹ்வுக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் நான் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்தான் கிடைத்தார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இங்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் மெஷின் ஓடும். என் பேச்சாகவே அது ஓடும்.

முத்தவல்லி மூன்றாம் முறை கேட்டார்.

"நட்டது எங்கண்ணன் கை," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. "மொத வெட்டு அந்தக் கைதான் போடணும். அவர் வரட்டும்."

ஜமால்தான் முதலில், "என்னக்கா, அவரு எப்பிடி வருவாரு? எந்திரிச்சு ஒக்காரவே முடியாதே அவரால," என்றான்.

"வரட்டும்," என்றேன் மறுபடி. அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. மெஹருன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்தவல்லி மோதினாரைப் பார்த்தார். மோதினார், "மொற அதுதான்," என்று மட்டும் சொன்னார். முத்தவல்லி தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு ஜமால் பக்கம் திரும்பினார். "சரி, அம்மா சொன்னது எல்லாருக்கும் பொது. உன் கை இங்கதானே இருக்குது ஜமாலு? உங்கத்தாவுக்கு நீதானே கொம்பு வச்ச? உன் மரத்துலேந்து ஆரம்பிச்சுக்க."

ஜமாலின் அத்தா, என் சாச்சா, நாலு வரிசை தள்ளி ஒரு இளம் பூவரசின் கீழ் இருக்கிறார். ஜமால் அங்கே போனான். மெஷினைக் கையில் வாங்கினான். குனிந்து அடிமரத்தைப் பார்த்தான், நிமிர்ந்து மேலே பார்த்தான். பார்த்த இடத்திலிருந்து அவன் வெள்ளைச் சட்டையில் எச்சம் ஒரு கோடாக விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவன் அதைத் துடைக்கவும் இல்லை. அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்து மெஷினை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தான். "இன்னொரு நாளு பாத்துக்கலாம்," என்றான். என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

நட்டவர்களில் பாதிப் பேர் நட்ட மரங்களுக்குக் கீழேயே இருக்கிறார்கள். மீதிப் பேர் சவுதியிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முத்தவல்லி அங்கேயே நின்றபடி, நட்டவர் நேரில் வந்து முதல் வெட்டு போட்டால்தான் மரம் எடுக்கலாம் என்று பள்ளிவாசல் நோட்டில் எழுதச் சொன்னார். மெஷின்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. சபுரா பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். குழந்தைத் தொட்டியை என் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் புடிங்க," என்றாள்.

அண்ணனிடம் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. வீட்டில் ஜமால் இருந்ததால் சுவரோரத்திலிருந்தே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆச்சா?"

"வெட்டலண்ணே. நான்தான் வேணாம்னு சொன்னேன்." நடந்ததைச் சொன்னேன். கையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

"நான் வரமுடியாதுன்னு தெரிஞ்சுதானே அப்படிச் சொன்ன?" என்றார்.

"தெரிஞ்சுதாண்ணே சொன்னேன்."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாத குரலில்.

"அன்னைக்கு எனக்குக் கை நடுங்கிச்சு. கொம்ப ஆழமா ஊனவே இல்ல. நிக்காதுன்னுதான் நெனச்சேன்."

மரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. எப்போது திரும்புகிறாய் என்று கேட்டார். வருகிற வெள்ளிக்கிழமை என்றேன்.